வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாத மாப்பிள்ளை

லண்டனில் சூரியனையே நம்ப முடியவில்லை. ராத்திரி மணி ஒன்பது ஆகியும் எதிர் வீட்டுச் சுவரில் வெயில் அடிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றி, திருநீறு பூசி, ஐந்தெழுத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். ஏற்றிய விளக்கு வெளிச்சமே தெரியாமல் பாவமாக நின்றது. ஆனி மாதத்தில் இங்கே இப்படித்தான் என்று நான் தங்கியிருந்த வீட்டுச் சரவணன் சொன்னார். அவர் சொன்னதையும் அப்போது நான் முழுதாக நம்பவில்லை.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. ஒரு கைத்தறிக் கண்காட்சியில் தறி போட்டு நெய்து காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என்னைவிட மூத்தவர்கள் குளிருக்குப் பயந்து பின்வாங்கிவிட்டதால் வாய்ப்பு எனக்கு வந்தது. போனேன், நெய்தேன், ஃபோட்டோவுக்கு நின்றேன், அந்த வேலை முடிந்தது. ஊர் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. அந்தச் சில நாளுக்குத்தான் என் மனைவி சரோஜா தனியாக ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"கண்காட்சி கெடக்குதுங்க. அந்தப் பையன் வீட்டுல தங்குங்க. குடிக்கிறானா, வேற யாராவது இருக்காளா, நெசமா வேலைக்குப் போறானா, மூணையும் கண்ணால பாத்துட்டு வாங்க. வாயால கேக்காதீங்க. வாயால கேட்டுத்தான் போன வாட்டி ஏமாந்தோம்."

பையன் என்றது சரவணனை. எங்கள் ஊரை ஒட்டின ஐயம்பேட்டைக்காரர், அவர் அப்பாவும் தறிக்காரர்தான். படித்துவிட்டு லண்டன் போய், கட்டடங்களின் வரைபடத்தைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறார் என்று சொன்னார்கள். எங்கள் பெண் கற்பகத்தை அவருக்குக் கேட்டு வந்திருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆடி பிறப்பதற்குள் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

போன வாட்டி என்று சரோஜா சொன்னது வேறொரு இடம். நிச்சயமே ஆகிவிட்டிருந்தது. அந்த மாப்பிள்ளை தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுவார். பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற நேரத்தில்தான் தெரிந்தது, அவருக்கு வேலை போய் வெகுநாளாகிறது, பகல் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்புகிறார் என்று. கற்பகம் அழவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "பொய் சொல்லாதவனா பாருங்கப்பா, மத்தது எப்படி இருந்தாலும் நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் விமானம் ஏறினதிலிருந்து என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

சரவணன் என்னைக் கண்காட்சி நடந்த இடத்துக்கே வந்து அழைத்துக்கொண்டார். ஒல்லி, நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு, அதுவும் இந்தக் குளிர் தேசத்தில், முகம் எப்படிக் கறுக்கும்? சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் போனோம். இறங்கி ஏறுகிற நகரும் படியில் நான் இடது பக்கம் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "மாமா, வலது பக்கம் நில்லுங்க, இடது பக்கம் அவசரமாப் போறவங்களுக்கு" என்றார் சரவணன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எல்லாப் பக்கமும் அவசரமாகப் போகிறவர்களுக்குத்தான்.

அவர் வீடு மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டார். சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் செய்தார். உப்பு சரியாக இருந்தது. நான் கொண்டுபோயிருந்த இட்லிப் பொடியைக் கொடுத்ததும், ரொட்டியை வாட்டி, நெய் தடவி, அதன்மேல் பொடியைத் தூவிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்லவன் மாதிரி சாப்பிடுவது கஷ்டமில்லையே.

மறுநாள் ஆபீஸ் போனார். கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார். (அந்தப் பழைய மாப்பிள்ளையும் மாட்டியிருந்தார்.) அவர் போனதும் நான் சமையலறையைச் சோதித்தேன். ஃபிரிட்ஜில் தயிர், உறைந்துபோன கறிவேப்பிலை, பாதி வெட்டின பூசணி. கதவோரம் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். ஆஹா, அகப்பட்டது என்று மூடியைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தேன். புளித்த காடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆப்பிளில் செய்கிற வினிகராம், சாலட்டில் ஊற்றுவார்களாம், பிறகு சொன்னார். பாட்டில் இடம் மாறியிருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது தலை ஈரமாக இருந்தது. பையிலிருந்து நனைந்த துண்டு ஒன்றை எடுத்து ஜன்னலோரம் காயப்போட்டார். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. வேலைக்குப் போன இடத்தில் யார் வீட்டில் குளித்தார்?

நான் வாயால் கேட்கவில்லை. சரோஜாவின் கட்டளை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையில் பூஜையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், அரை டிராயரும் பனியனுமாக நிற்கிறார்.

"ஆபீஸ் இல்லையா தம்பி?"

"இன்னிக்கு இல்ல மாமா. வெளிய போயிட்டு மத்தியானம் வந்துடறேன். சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்குது."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் உள்ளவர்கள் எல்லாம் ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அரை டிராயரில் சாவகாசமாக நடக்கிறார். கடற்கரையில் உட்கார்ந்திருந்தவனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வேட்டிக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே சால்வை. அவர் கொடுத்துவைத்திருந்த பஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

அவர் ஒரு சிவப்பு மாடி பஸ்ஸில் ஏறி மேலே போனார். நான் கீழேயே உட்கார்ந்து மாடிப்படியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டேன். வேட்டி கட்டிக்கொண்டு லண்டனில் ஒருவனைத் துப்பறிவது சுலபமில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் படியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். நடுவில் ஒரு பெண்மணி குழந்தை வண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். குழந்தை என் திருநீற்றைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் அவர் இறங்கியிருக்க வேண்டும். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய் விளக்கை அணைத்தபோது மாடியிலிருந்து யாருமே இறங்கி வரவில்லை.

நிறுத்தத்தில் தாடி வைத்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொப்பியைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. எனக்கு உருது தெரியும், எங்கள் ஊரில் ஜரிகை விற்கிற பாய்களிடம் கற்றுக்கொண்டது. ஆனால் அது கடை உருது. விலை கேட்க, குறைக்கச் சொல்ல, கோபித்துக்கொண்டு எழுந்து போக, அதற்கு மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வழி கேட்டேன். என்ன சொன்னேனோ, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரொம்ப வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், பஸ் ஸ்டாப்புல வந்து என்கிட்ட பேரம் பேசின மொத ஆள் நீங்கதான்" என்று உருதுவில் சொன்னார். எங்கிருந்து வருகிறீர்கள், இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று விசாரித்தார். மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்து வந்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சட்டென்று முகம் தீவிரமாகிவிட்டது.

"நல்ல காரியம் செஞ்சீங்க. நானும் என் மருமகன் பின்னாடி ஒரு மாசம் சுத்தினேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"பஸ் ரூட்டெல்லாம் தெரிஞ்சுது" என்றார்.

அவரே என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றி, டிரைவரிடம் இறக்கிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலில் சரவணன் நின்றுகொண்டிருந்தார். தலை ஈரம். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க மாமா போயிட்டீங்க? போன் பண்ணா எடுக்கல. போலீஸ்ல சொல்லலாம்னு கெளம்பிக்கினு இருந்தேன்."

"சும்மா, காத்தாட நடந்துட்டு வந்தேன்."

"நான் ஏரிக்கு நீந்தப் போயிருந்தேன் மாமா" என்று நான் கேட்காமலே சொன்னார். அந்த வாசலில் அப்போது பொய் சொன்னது நான்தான் என்பது படியேறும்போதுதான் உறைத்தது.

சாப்பிடும்போது பொறுக்க முடியவில்லை. சரோஜா மன்னிக்கட்டும், வாயால் கேட்டுவிட்டேன்.

"தம்பி, வெள்ளிக்கெழமைல வேலை கெடையாதா ஒங்க ஆபீசுல?"

"ஆபீசுக்கு உண்டு மாமா. எனக்குக் கெடையாது. வாரத்துக்கு நாலு நாள் போதும்னு எழுதி வாங்கிக்கினேன். சம்பளத்துல ஒரு நாளைக் கொறைச்சுக்குவாங்க."

வேலை போனவனைப் பார்த்திருக்கிறேன். கையிலிருக்கிற வேலையை அவனாகவே குறைத்துக்கொண்டவனை நான் பார்த்ததில்லை.

"எதுக்குப்பா?"

"ஊரைப் பாக்க."

"இத்தினி வருஷமாப் பாத்துக்கினு இருக்கீங்களே, இன்னுமா முடியல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடியல மாமா. ஏரி, தோட்டம், மியூசியம், பார்க்குல பாட்டு, எல்லாம் சும்மாவே கெடக்குது. நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துலயே பொறந்து வளந்தவன், ஏகாம்பரம் கோயில்ல ஒரு தூணை நின்னு பாத்தது கெடையாது. டியூஷனுக்குப் போற வழில கும்புட்டுக்கினு ஓடுவேன். இங்க வந்துதான் நிக்கவே கத்துக்கினேன். ஏன் மாமா, நம்ம தெருவுல அமாவாசைக்குத் தறி ஓடுதா?"

"ஓடாது."

"அது மாதிரி எனக்கு வெள்ளிக்கெழமை."

"அமாவாசைக்கு நாங்க பெரியவங்களுக்குப் படைக்கிறோம், கோயிலுக்குப் போறோம். நீந்தப் போறதில்ல" என்றேன். அவர் எனக்கு ரசம் ஊற்றினார். வாதத்தில் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்றுவரை தெரியாது.

"நாளைக்கு நீங்களும் வாங்க மாமா" என்றார்.

சனிக்கிழமை அந்த ஏரிக்குப் போனோம். நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய தோப்பும் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள், ஒருவரும் பட்டா போடவில்லை. நம் ஊர்க் குளங்களை நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். அதற்குள் ஆண், பெண், கிழவர், கிழவி எல்லாரும் நீந்துகிறார்கள். பக்கத்திலேயே வாத்துகளும் நீந்துகின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீச்சல் உடையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஓடிவந்து சரவணனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சரோஜாவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே வந்ததும் பார்த்தால் எழுபதுக்கு மேல் இருக்கும். பெயர் ஐரீன். இவர்களெல்லாம் ஒரு கோஷ்டியாம், பனிக்காலத்திலும் வந்து தண்ணீரில் இறங்குவார்களாம்.

"நீங்கதான் பொண்ணோட அப்பாவா? இவன் நல்ல பையன்" என்று அந்த அம்மாள் சொன்னதைச் சரவணன் எனக்கு மொழிபெயர்த்தார்.

தன்னைப் பற்றிய நற்சாட்சியைத் தானே மொழிபெயர்த்துச் சொல்கிற மாப்பிள்ளையை என்னவென்று நம்புவது? அந்த அம்மாள் வேறென்னவோ நீளமாகச் சொல்லிச் சிரித்தாள். "என்னப்பா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"நான் பாட்டுக்குப் போயிடுவேனாம், கூட வர்றவங்களைத் திரும்பியே பாக்க மாட்டேனாம். அந்தக் கெட்ட பழக்கத்தை ஒங்ககிட்ட சொல்லியே ஆவணுமாம்" என்றார். காது சிவந்துவிட்டது. அதையும் மறைக்காமல் மொழிபெயர்த்தார் என்பதை நான் மனத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன். இன்னொரு பக்கம், பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தை முன்னால் விடுகிறாரோ என்றும் வைத்துக்கொண்டேன்.

அவர் தண்ணீருக்குள் போனதும் அந்த அம்மாள் சொன்னது சரி என்று தெரிந்தது. நேராகப் போனார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். ஐரீன் அம்மாள் டப்பாவில் கேக் வைத்திருந்தாள். "முட்டை?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தை இங்கிலீஷில் எனக்கு நன்றாக வரும். தலையாட்டினாள். வேண்டாம் என்று கும்பிட்டேன். உடனே ஒரு வெள்ளரிக்காயைத் துடைத்துக் கொடுத்தாள். புல்லில் ஒரு கூட்டம் உட்கார்ந்து பித்தளைக் குழல்களை ஊதிக்கொண்டிருந்தது. கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை, சாமி புறப்பாடும் இல்லை. சும்மா ஊதினார்கள். சும்மா கேட்டார்கள். வெயில் முதுகில் இதமாக இருந்தது. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் நான் யாரையும் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை நினைத்துக் கவலைப்பட்டேன். இந்தச் சுகத்தைக் கண்டவன் குடும்பத்தைக் கவனிப்பானா?

திரும்பும் வழியில் அவர் ஆபீசைக் காட்டச் சொன்னேன். காட்டினார். சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. காவலாளி கண்ணாடிக்கு உள்ளிருந்து கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். காவலாளிகள் எல்லாருக்கும் கையை ஆட்டுவார்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. "மழை வந்தா மியூசியம் மாமா, உள்ள போகக் காசு கேக்க மாட்டாங்க" என்று ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் சுற்றிப் பார்க்கவே இல்லை. ஒரு பழைய மரப்படகின் முன்னால் போய் நின்றுவிட்டார். ஒரு தடவை வந்தால் ஒரு பொருள்தான் பார்ப்பாராம். நான் அவரைச் சுற்றி நடந்து நடந்து பார்த்தேன். யாரும் அவரைத் தேடி வரவில்லை. கடைசியில் என் கால் வலிப்பதைக் கவனித்து, "வாங்க, நம்ம ஊரு ஹாலுக்குப் போவலாம்" என்றார்.

அந்தக் கூடத்தின் வாசலில் என் கால் நின்றுவிட்டது. உள்ளே கண்ணாடிக்குள் நடராஜர். பக்கத்தில் அம்மன். அப்பால் சோமாஸ்கந்தர். பூ இல்லை, விளக்கு இல்லை, அம்மனுக்கு ஒரு முழம் துணி இல்லை. என்னை அறியாமல் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனேன். கையைக் கட்டிக்கொண்டு வலமாக வந்தேன். சரவணன் பின்னால் வந்தார். கடைசி மூலையில் கல்லில் ஒரு சண்டிகேசுவரர், கண்ணாடி இல்லாமல் வெறும் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

சிவன் கோயிலில் கும்பிட்டு முடித்துக் கிளம்பும்போது சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்று இரண்டு கையையும் தேய்த்துக் காட்டுவோம். உன் சாமியின் உடைமை எதையும் நான் எடுத்துப் போகவில்லை, பார்த்துக்கொள் என்று அர்த்தம். எங்கள் தெருக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கட்டியிருக்கிற துணியிலிருந்து ஒரு நூலை உருவி அவர் காலடியில் வைப்பார்கள். அது தப்பு, நூலெல்லாம் போடாதீர்கள் என்று குருக்கள் திட்டுவார், போர்டுகூட எழுதி வைத்திருக்கிறார். அந்த போர்டின் ஆணியிலேயே நூல் தொங்கும். பிறந்ததிலிருந்து நூலோடு கிடக்கிற எங்கள் விரலுக்கு அது தானாக வந்துவிடும்.

அன்றைக்கும் வந்தது. கையைத் தேய்த்துக் காட்டினேன், மெல்லத் தட்டினேன். அந்தக் கூடத்தில் அது வெடி மாதிரி கேட்டது. சால்வை முனையிலிருந்து ஒரு நூலை உருவி அவர் காலடியில் வைத்தேன்.

"சார்!" என்று ஒரு சத்தம்.

சீருடை போட்ட கறுப்பு அம்மாள் ஒருவர், நல்ல ஆகிருதி, கையில் என் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்பாரற்றுக் கிடந்த செருப்பு யாருடையது என்று தேடி வந்தவர், சிலைக்கு அடியிலிருந்து என் கை திரும்புவதைப் பார்த்துவிட்டார். நான் பயந்துபோய் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். அதைப் பார்த்துக் கூட்டம் கூடிவிட்டது.

அந்த அம்மாள் சரவணனிடம் கேட்டார். மெதுவாகப் பேசினால் எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியும். இவர் சிலையைத் தொட்டாரா, அங்கே ஏதாவது வைத்தாரா என்று கேட்கிறார்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லுங்கப்பா, போயிடலாம்" என்றேன் தமிழில். மெல்லிய நூல். ஊதினால் பறந்துவிடும். அந்த அம்மாள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

சரவணன் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "யெஸ்" என்றார். நூல் இருந்த இடத்தையும் விரலால் காட்டினார்.

என் உடம்பு கூசிவிட்டது. அந்த அம்மாள் கம்பியில்லாக் கருவியில் யாரையோ கூப்பிட்டார். கையுறை போட்ட ஒருவர் வந்து, சின்ன இடுக்கியால் அந்த நூலை எடுத்து ஒரு பையில் போட்டார். அது முடியும்வரை நகரக் கூடாது என்றார்கள். என் சாமிகளுக்கு நடுவில், செருப்பில்லாத காலோடு, திருடன் மாதிரி நின்றேன்.

"மாட்டிக்குடுத்துட்டியேப்பா" என்றேன். 'ங்க' எல்லாம் போய்விட்டது.

"மாமா, துணி நூலால பூச்சி வரும்னு இவங்களுக்குப் பயம். நாம போனப்புறம் யாராவது பாத்தா, காவலுக்கு இருந்த இந்தம்மாவைத்தான் கேப்பாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டா, அந்தம்மா பதில் சொல்லணும்." தரையைப் பார்த்துக்கொண்டு மேலே சொன்னார். "நீங்க வேணாம்னு சொன்னாலும் பரவால்ல மாமா. என்னால இல்லன்னு சொல்ல முடியல."

வேண்டாம் என்று எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கல்யாணத்தைச் சொல்கிறார். என்னைக் காட்டிக்கொடுத்தால் பெண் கிடைக்காது என்று தெரிந்தேதான் "யெஸ்" என்றிருக்கிறார். எனக்காகக்கூட அவர் பொய் சொல்லவில்லை. கோபம் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறென்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு அவர் அந்த அம்மாளிடம் கைகாட்டுகிற வழக்கத்தையெல்லாம் விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நடராஜர், அம்மன், சோமாஸ்கந்தர். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இந்த ஹால்ல ஒண்ணும் எடுத்துக்கினு போவலன்னு கையைக் காட்டின மொத ஆள் இவருதானாம்" என்று சரவணன் எனக்குச் சொன்னார். "அடுத்த வாட்டி கையை மட்டும் காட்டினாப் போதுமாம், நூல் இல்லாமலே நம்பிக்குவாங்களாம்."

செருப்பை அந்த அம்மாளே என் கால் பக்கத்தில் வைத்தார். எனக்குப் பதறிவிட்டது, குனிந்து கும்பிட்டேன்.

கோயிலிலிருந்து அப்படியே வெளியேறக் கூடாது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளிப்படியில் தூறல் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். சரவணன் டீ வாங்கி வந்தார். சர்க்கரை போட மறந்த மாதிரி ஒரு டீ. குடித்துக்கொண்டிருக்கும்போது சரோஜா கூப்பிட்டாள்.

"என்னங்க, குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"ஒரு ஐரீன் அம்மா இருக்காங்க. நம்ம கற்பகத்தோட ஆயா வயசு."

"வேலை?"

"இருக்குது. ஆனா வெள்ளிக்கெழமைல போறதில்ல. நீந்தப் போறாரு. மழை வந்தா மியூசியத்துக்குப் போறாரு."

"அய்யய்யோ, இது வேலை இல்லாததைவிட மோசமா இருக்குதே" என்றாள். போனை யாரோ பிடுங்கும் சத்தம். கற்பகம்.

"அப்பா, பொய் சொல்றாரா?"

"சொல்லலம்மா. இன்னிக்கு ஒரு பொய் சொல்லச் சொன்னேன், முடியாதுன்னுட்டாரு." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"இந்த ஏரி, மியூசியத்துக்கெல்லாம் யாரு கூடப் போறாரு?"

"போறதும் வர்றதும் தனியாத்தான்."

"கல்யாணம் ஆனப்புறமும் தனியாத்தான் போவாரா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை பஸ் ஏறி, ஃபிரிட்ஜைத் திறந்து, காடியை மோந்து பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"கேட்டுச் சொல்லுங்கப்பா. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் கையில் பிடித்துக்கொண்டே சரவணனிடம் கேட்டேன். டீக் கோப்பையைப் படியில் வைத்தார். மழையைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும், கண்டிப்பா கூட்டிக்கினு போவேன் மாமா என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியல மாமா" என்றார். "தனியாவே போய்ப் பழகிட்டேன். ஐரீன் சொன்னது நெஜம்தான், நான் திரும்பிப் பாக்கறதில்ல. அவங்க கூட வந்தா நல்லாருக்கும்னு ஆசை இருக்குது. ஆனா ஒழுங்கா கூட்டிக்கினு போவேன்னு இப்பவே சொல்ல முடியாது. கத்துக்கணும்."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கற்பகத்திடம் சொன்னேன். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரின்னு சொல்லுங்கப்பா."

"எதுக்கும்மா சரி?"

"எல்லாத்துக்கும்தான். ஆனா நான் தண்ணில எறங்க மாட்டேன். கரையிலதான் உக்காந்துக்கினு இருப்பேன். அதையும் இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் சண்டை வரக் கூடாது."

சொன்னேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"கரையில பெஞ்சு இருக்குது மாமா. வெயில் படற பக்கமா."

இத்தனை நாளில் அவர் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். நான் அதைத் திருப்பிக் கேட்காமல் அப்படியே காஞ்சிபுரத்துக்குச் சொன்னேன்.